தார் ஜீப்புக்கு எந்த ஹெட்லைட்? பல்பு வாங்கும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். 2016 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல் ஜீப்), செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இரவில் வெளிச்சம் போதவில்லை. ஒரு நண்பர் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் எல்இடி பல்பு என்கிறார், கடைக்காரர் மேலே ஒரு லைட் பார் கட்டிவிட்டால் பகல் மாதிரி இருக்கும் என்கிறார். மாதக் கடைசியில் கொல்லிமலை, அப்புறம் கொழுக்குமலை போகும் எண்ணம். எதை வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் ஒன்று மட்டும் வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது 7 அங்குல வட்ட டூம் (கண்ணாடியும் ஒளியைத் திருப்பும் கிண்ணமும் சேர்ந்த கூடு), உள்ளே எச்4 பல்பு, அதாவது டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள பல்பு. 60/55 வாட்: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. நல்ல கம்பெனி பல்பு 13.2 வோல்ட்டில் டிம்மில் சுமார் 1000 லூமனும் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு) பிரைட்டில் சுமார் 1650 லூமனும் தரும். மலைப்பாதைக்கு அதுவே தாராளம், அந்த 13.2 வோல்ட் பல்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தால்! பழைய ஜீப்புகளில் சேர்வதில்லை. மக்கள் பல்பைத் திட்டுகிறார்கள், தப்பு ஒயரில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு 60 வாட் பல்புக்கும் சேர்த்து 10 ஆம்ப் கரண்ட் ஓடுகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 4 மீட்டர் ஓடினாலே ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதோடு ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சின் தேய்ந்த காண்டாக்ட், பத்து வருடச் சேறு பார்த்த கப்ளர் (ஒயரைப் பல்போடு இணைக்கும் பிளக்), துருப்பிடித்த எர்த் போல்ட் (கரண்ட் பாடி வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் இடம்) ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். பாட்டரியில் 13.8 இருக்கும்போது பல்பில் 12.3 தான் இருக்கும். ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் ஒயரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

சோதிப்பது சுலபம். என்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பாட்டரியின் இரண்டு முனையிலும் அளவு எடுங்கள். அப்புறம் ஹெட்லைட் கப்ளரின் பின்பக்கம் ஊசி நுழைத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளவெடுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, வோல்ட் முழுசாகக் காட்டி ஏமாற்றும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வேலை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பல்பின் எர்த் பின்னிலும் வைத்தால், எர்த் பக்கம் மட்டும் எவ்வளவு போகிறது என்று தனியாகத் தெரியும். 0.2க்கு மேல் காட்டினால் பாடியில் எர்த் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். நான் பார்த்த பல ஜீப்புகளில் அந்த ஒரு போல்ட்டே பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ரிலே, அதாவது கொஞ்சம் கரண்ட் கொடுத்தாலே பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச். பாட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் நேராக வந்து, பாட்டரிக்கு ஒரு சாணுக்குள் ஒரு பியூஸ், அப்புறம் ரிலேயின் 30ஆம் பின். 87இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் இனிமேல் 86க்கு வந்து ரிலேயைத் தட்டிவிடும் வேலை மட்டும் செய்யும். 85 எர்த். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே, ஆளுக்கொரு 15 ஆம்ப் பியூஸ். ஒரே பியூசில் இரண்டையும் கோர்க்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் அது போனால் மொத்தமும் இருட்டாகிவிடும். தயாராகக் கோர்த்த கிட்டாகவும் கிடைக்கிறது, ஒயரின் தடிமனைப் பார்த்து வாங்குங்கள். மேலுறை தடியாக, உள்ளே நாலு இழை செம்போடு வருவதும் உண்டு.

இப்போது 100/90. அது பொதுச்சாலைக்கு அனுமதிக்கப்பட்ட பல்பு இல்லை, அது ஒரு பக்கம். இரண்டு 100 வாட் பல்பு என்றால் 16.7 ஆம்ப். 10 ஆம்புக்குப் போட்ட அதே ஒயர், அதே சுவிட்ச், அதே ஹோல்டர். போடிப் பக்கம் ஒரு கமாண்டர் ஜீப்பில் அப்படிப் போட்டிருந்த ஹோல்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் டீத்தூள் நிறத்துக்கு மாறி, ஒரு பின் இருக்கும் இடம் உருகி, அந்தப் பின் சாய்ந்து நின்றது. அந்தப் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்த ஒயரின் ரப்பர் விரலால் கிள்ளினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "பிரைட் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மங்குதுங்க" என்றார் டிரைவர். ஹோல்டர் சூடேறச் சூடேற அங்கே தடை கூடுகிறது, வெளிச்சம் இறங்குகிறது. ஒயரிங்கில் தீப்பிடிப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ரிலே போட்டாலும் டூமுக்குள்ளே ஏறும் சூடு குறையாது. உள்பூச்சு கருகும். 100/90 வேண்டாம்.

எல்இடி பல்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எல்இடியே மோசம் என்று நான் சொல்லவில்லை. எச்4 டூமின் உள்ளே இருக்கும் கிண்ணம், மெல்லிய ஒரு டங்ஸ்டன் இழை சரியாக ஒரு புள்ளியில் இருக்கும் என்று நம்பி வளைக்கப்பட்டது. பல்பை எடுத்துப் பாருங்கள்: டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கரண்டி இருக்கும். அதுதான் வெளிச்சத்தின் கீழ்ப்பாதியை மறைத்து, சாலையில் மேல்விளிம்பு வெட்டினாற்போல் வர வைக்கிறது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சிப் ஒட்டிய எல்இடியைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறுகின்றன. விளைவு, பம்பருக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருக்கும், தூரத்தில் இருட்டு, எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். முன்னால் பளீரென்று இருப்பதே கெடுதல்தான். கண்ணின் பாப்பா சுருங்கிவிடும், தூரத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் தெரியாமல் போகும். பெட்டியில் '20,000 லூமன்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நல்ல எல்இடியே வாட்டுக்கு 100 முதல் 150 லூமன்தான் தரும். 30 வாட் பல்பு நாலாயிரத்தைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

எல்இடிதான் வேண்டும் என்றால் டூமோடு முழு யூனிட்டாக மாற்றுங்கள். 7 அங்குலத்தில் நிறையக் கிடைக்கிறது. வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஆன்லைனில் வரும் பல யூனிட்டுகள் அமெரிக்க ஜீப்புக்குச் செய்தவை. அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் விளிம்பு சாலை ஓரத்தைக் காட்டுவதற்காக ஒரு பக்கம் மேலே ஏறும். நமக்கு அது இடப்பக்கம் ஏற வேண்டும், அவர்களுக்கு வலப்பக்கம். அந்த யூனிட்டை இங்கே மாட்டினால் ஏறும் பக்கம் எதிரே வரும் பஸ் டிரைவரின் முகத்தில்தான் விழும். எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரோப்பியத் தர முத்திரை இருக்கும் விளக்கில், கண்ணாடியில் வட்டத்துக்குள் 'E' எழுத்தும் எண்ணும் இருக்கும். அதன் அருகே ஓர் அம்பு இருக்கிறதா பாருங்கள். விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது, நமக்குச் சரி. இரண்டு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் வலப்பக்க நாட்டு விளக்கு.

இன்னொன்றும் யோசியுங்கள். எச்4 பல்பு போனால் மலைக்குப் போகும் வழியில் சேந்தமங்கலத்திலோ சூரியநெல்லியிலோ ஒரு சின்னக் கடையில்கூடச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றலாம். எல்இடி யூனிட் பெரும்பாலும் சிப் போய்ச் சாவதில்லை, பின்னால் இருக்கும், எல்இடிக்குக் கரண்ட் ஊட்டும் டிரைவர் சர்க்யூட் குலுங்கியோ தண்ணீர் இறங்கியோ சாகிறது. நடுக்காட்டில் அதற்கு மருந்து இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வருடம் ரிலேயும் நல்ல கம்பெனி 60/55 பல்பும் போட்டு ஓட்டுவேன்.

பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகி, பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டுங்கள்.

சரி, வோல்ட் வந்துவிட்டது. அடுத்து ஏய்மிங், அதாவது வெளிச்சம் சரியான உயரத்திலும் திசையிலும் விழும்படி விளக்கைத் திருப்பி வைப்பது. நான் பார்த்தவரை ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். சமதளத்தில், சுவருக்கு முன்னால் விளக்கிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒரு ஆள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரை அளந்து, சுவரில் அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போடுங்கள். விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் கோடு 80இல். டிம் வெளிச்சத்தின் வெட்டு விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும், இடப்பக்கம் மட்டும் மேலே ஏறலாம். வட்ட டூமில் இதற்கென்றே இரண்டு ஸ்குரூ இருக்கும், மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. டூமைப் பிடித்திருக்கும் வளையத்தின் ஸ்குரூ வேறு, அதைத் திருகி ஏய்மிங் பண்ண முயன்றால் டூம் கையோடு வந்துவிடும்.

லிப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தாலோ டயர் சைஸ் மாற்றியிருந்தாலோ மறுபடி செய்ய வேண்டும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றினாலும் விஷயம் மாறும். உங்கள் தாரின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 243 செ.மீ. பின்பக்கம் 5 செ.மீ. அமுங்கினால் மூக்கு இரண்டு சதவீதம் தூக்கும், பத்து மீட்டரில் வெளிச்சம் 20 செ.மீ. மேலே போகும். விளக்கின் உயரத்துக்குக் கீழே இருந்த விளிம்பு அந்த உயரத்துக்கு மேலே போய்விட்டது. எதிரே வருபவர்கள் உங்களைப் பார்த்து லைட் அடிப்பது இதனால்தான். கூடாரம், தண்ணீர் கேன், நாலு பேர் என்று ஏற்றிய பிறகு ஒருமுறை சுவரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நம் ஊரில் ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றியும் கேட்பீர்கள். ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும், திசையை மாற்றாது. தூக்கிப் பார்க்கும் விளக்கு ஸ்டிக்கரோடும் கண்ணைக் குத்தும். மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்பது வேறு: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. அதைத் தருவது ஏய்மிங்தான்.

இப்போது கூடுதல் விளக்கு. இதில் முதலில் வேகத்தை நினையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கில் கால் போவதற்கே 25 மீட்டர் ஓடிவிடும், அப்புறம் நிற்க இன்னும் 20, 25 மீட்டர். அங்கே தூரம் வேண்டும். ஆனால் கொழுக்குமலை ஏற்றத்தில் யாரும் 60இல் போவதில்லை, 10, 15தான். அந்த வேகத்தில் 20 மீட்டர் தெரிந்தால் போதும். வேண்டியது அகலம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஹெட்லைட் பள்ளத்தாக்கின் வெறும் காற்றைக் காட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் போக வேண்டிய இடம் பக்கத்தில் இருட்டில் இருக்கும். அதற்கு உதவுவது நேராக அடிக்கும் லைட் பார் இல்லை. பம்பர் மூலையிலோ விண்ட்ஷீல்டின் கீழ் மூலையிலோ, ஆளுக்கு 15, 20 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி வைத்த இரண்டு சின்ன பிளட் லைட், அதாவது அகலமாகப் படரும் விளக்கு. 20 வாட் எல்இடி ஒரு ஜோடி போதும். வால்பாறை, கொடைக்கானல் பக்கம் சாலையோரம் நிற்கும் காட்டுமாடு கறுப்பு, இருட்டோடு இருட்டாக நிற்கும். அதை முதலில் காட்டுவதும் இந்தப் பக்கவாட்டு வெளிச்சம்தான். ஆனால் யானையோ மாடோ சாலையில் நின்றால் எல்லாக் கூடுதல் விளக்கையும் அணைத்து, டிம்முக்கு வந்து, தள்ளி நின்றுவிடுங்கள். கண்ணில் பிரைட் அடித்து விரட்டப் பார்க்காதீர்கள்.

கூரை மேல் லைட் பாரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அங்கிருந்து வரும் ஒளி பானெட் மேல் பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது. அதைவிடப் பெரிய தொல்லை புழுதியும் பனியும். முன்னால் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனால், உங்கள் கண்ணுக்கு மேலிருந்து கிளம்பும் ஒளி கண்ணுக்கு நேரே இருக்கும் ஒவ்வொரு தூசியிலும் பட்டுத் தெறிக்கும். வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

கொழுக்குமலைக்குச் சூரியோதயம் பார்க்க விடியற்காலை நாலு மணிக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டிப்பாதை கேரளாப் பக்கமிருந்து. பாறையும் குழியும் மட்டுமே உள்ள பாதை. அங்கே பல வருடம் ஓட்டிய ஒரு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பனி இறங்கியதும் அவர் செய்தது ஒன்றுதான், பிரைட்டிலிருந்து டிம்முக்கு வந்து, கீழே பம்பரில் இருந்த இரண்டு மஞ்சள் விளக்கைப் போட்டார். பாதையின் கல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக நிழல் விழுந்தது. எந்தக் கல் உயரம், எது பள்ளம் என்று அந்த நிழலை வைத்தே தெரிந்தது. மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் அந்த நிழல் குட்டையாகி, பாதை தட்டையாகத் தெரியும். கீழே வைத்த விளக்கின் அருமை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று சொல்வார்கள். துளைக்காது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். நீலம் குறைந்த ஒளி கண்ணைக் கூசாமல் வைக்கிறது, அந்த அளவுக்கு மஞ்சள் நல்லது. உண்மையான வேலையைச் செய்வது விளக்கு தாழ்வாக இருப்பதும், மேலே சிதறாமல் அகலமாகப் படர்வதும்தான். 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) நீல வெள்ளையை மட்டும் பனிக்கு வாங்காதீர்கள், 3000 பக்கம் இருக்கட்டும்.

கூடுதல் விளக்கு எதுவாக இருந்தாலும் தனி ரிலே, தனி பியூஸ், தனி சுவிட்ச். பொதுச்சாலையில் கவர் போட்டு மூடி வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, செக்போஸ்டில் அபராதம் போட அது போதும். பின்னாலும் ஒரு சின்ன பிளட் லைட் வையுங்கள். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வந்தால் ரிவர்ஸில் இறங்கப் போவது நீங்கள்தான், வண்டியோடு வந்த ரிவர்ஸ் லைட் அதற்குக் காணாது.

பராமரிப்பில் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். விளக்கின் மேல் போட்டிருக்கும் ஐபி67 என்ற தண்ணீர்த் தாங்கும் தரக்குறி என்றால் ஒரு மீட்டர் ஆழத்து அமைதியான தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். வாட்டர் சர்வீஸ் பிரஷரைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை, அது வேறு சோதனை, 69கே என்று தனியாகப் போட்டிருக்கும். சர்வீஸில் விளக்கின் விளிம்பு ரப்பரில் நேராக அடிக்க விடாதீர்கள். ஓடையைக் கடக்கும் முன் ஹாலஜனை அணைத்து ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான கண்ணாடி சில்லென்ற தண்ணீரில் விரிசல் விடும். விடாவிட்டாலும் உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கி, இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சும். இருட்டில் அணைக்க முடியாது என்றால், அந்த நேரத்தில் இறங்காமல் இருப்பதுதான் நல்லது.

உள்ளே ஆவி படிந்தால் டூமின் பின்பக்க ரப்பர் உறையைப் பாருங்கள். பெரும்பாலும் கிழிந்திருக்கும், அல்லது பல்பு மாற்றியவர் சரியாக மாட்டாமல் விட்டிருப்பார். உள்ளே வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் துணி விட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும். அந்த டூமின் காலம் முடிந்தது, மாற்றுங்கள். வெளியே கண்ணாடி டூம் என்றால் மஞ்சளாகாது, கல் பட்டு உடையத்தான் செய்யும். பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மேல்பூச்சு தேய்ந்து மஞ்சளாகும். பற்பசை தேய்த்தால் இரண்டு வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் யூவி கோட்டிங் அடித்தால்தான் நிற்கும். காய்ந்த சேற்றை வறண்ட துணியால் துடைக்கவே வேண்டாம், கோடு விழும். சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டிலும் பழைய வேட்டித் துணியும் வையுங்கள். மழைக்கால ட்ரெயிலில் அரை மணிக்கு ஒருமுறை தேவைப்படும்.

ஒவ்வொரு ட்ரெயிலுக்குப் பிறகும் பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். விளக்கு ஆடினால் இழை அறுந்துபோகும், ஏய்மிங்கும் போகும்.

கிளம்பும் முன் இரண்டு எச்4 பல்பு, நாலு பியூஸ், ஒரு ரிலே, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே அளவெடுத்து, பாட்டரியில் எவ்வளவு, இடது பல்பில் எவ்வளவு, வலது பல்பில் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள். எந்த இடத்தில் வோல்ட் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.